எலியின் கல்லீரலும் நம் கல்லீரலும்

கல்லீரல் நோயாளிகளின் குடும்பத்தார் அண்மைக் காலமாக எங்களிடம் கைபேசியை நீட்டிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. 'கல்லீரலைக் காக்கும் புதிய மருந்து. எலிகளிடம் நடந்த ஆய்வில் பெரும் வெற்றி' என்பது போன்ற செய்தி அதில் இருக்கும். அதைத் தொடர்ந்து வரும் கேள்வியும் ஒன்றே. "எலிக்குப் பலன் தந்த மருந்து எங்கள் அப்பாவுக்குத் தராதா?"

இக்கேள்வியை அறியாமை என்று நாங்கள் ஒதுக்குவதில்லை. நோயுற்றவரின் அருகில் இரவெல்லாம் விழித்திருப்பவர் எந்த வழியும் விடுபடக் கூடாது என்று எண்ணுவது இயல்பு. ஆகவே சுருக்கமான மறுப்போடு நிறுத்தாமல், விரிவான விடையை இங்கு எழுதுகிறோம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே கூறிவிடுகிறோம். விலங்குகளிடம் நடந்த ஆய்வுகள் இல்லாமல் கல்லீரல் மருத்துவம் இன்றைய நிலையை அடைந்திராது. ஆயினும் விலங்காய்வு நமக்குத் தருவது ஒரு நல்ல கேள்வியை மட்டுமே. அதற்கான விடை நோயாளிகளிடம் முறையாக நடத்தப்பட்ட ஆய்விலிருந்துதான் கிடைக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை மறைத்து எழுதப்படும் செய்தியும், விற்கப்படும் மருந்தும் நோயாளிக்குத் தீங்கு செய்கின்றன. கல்லீரலுக்கு இரத்த ஓட்டம் தடைபடும் நிலையைச் சான்றாகக் கொண்டு இதை விளக்க விரும்புகிறோம்.

இரண்டு ஓட்டங்கள் கூடும் உறுப்பு

கூடுதுறையைக் கண்டு வளர்ந்த பவானி வாசகர்களுக்குக் கல்லீரலின் அமைப்பை விளக்குவது எளிது. அங்கே காவிரியும் பவானியும் கூடுவது போலக் கல்லீரலுக்குள்ளும் இரண்டு ஓட்டங்கள் வந்து கூடுகின்றன. ஒன்று, குடலிலிருந்து உணவுச் சத்தைச் சுமந்துவரும் போர்ட்டல் சிரை. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இதன் வழியே வருகிறது. மற்றொன்று, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் கிளையான கல்லீரல் தமனி. அளவில் இது கால் பங்குதான். எனினும் ஆக்சிஜன் செறிந்த இரத்தமாதலால், கல்லீரலுக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதியை இதுவே தருகிறது. வளர்ந்தவர் ஒருவருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள இவ்வுறுப்பின் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தம் பாய்கிறது.

இந்த ஓட்டம் பல காரணங்களால் குன்றலாம். கடுமையான இரத்த வாந்தி, தீவிர டெங்கு, உடலெங்கும் பரவிய கிருமித் தொற்று, வலுவிழந்த இதயம் ஆகியவற்றால் இரத்த அழுத்தம் வீழ்ந்தால் கல்லீரல் பட்டினி கிடக்கிறது. கட்டியை அகற்றும் அறுவையில் இரத்தப் போக்கைத் தடுக்க மருத்துவரே சிறிது நேரம் ஓட்டத்தை அடைத்து வைக்க நேர்கிறது. கல்லீரல் மாற்று அறுவையில், கொடையாளரின் உடலிலிருந்து எடுத்த உறுப்பு மற்றவர் உடலில் பொருத்தப்படும் வரை இரத்தமின்றியே இருக்கிறது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஓட்டம் நின்றபோது நேரும் கேட்டோடு பாதிப்பு முடிவதில்லை. ஓட்டம் திரும்பியபின் அது மேலும் வளர்கிறது. நெடுநாள் வறண்டு கிடந்த வாய்க்காலின் மடையை ஒரேயடியாகத் திறந்தால், முதல் வெள்ளம் கரையை அரித்துச் சேற்றையும் குப்பையையும் வாரிக்கொண்டு வருவதைக் காலிங்கராயன் பாசன உழவர்கள் அறிவர். கல்லீரலிலும் அதைப் போன்றதொரு நிலை ஏற்படுகிறது. ஆக்சிஜன் இல்லாமல் ஆற்றல் தீர்ந்து வீங்கிய உயிரணுக்களுக்குள் ஆக்சிஜன் திடீரெனப் பாயும்போது, உயிரணுவின் சவ்வையே சிதைக்கும் வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. கல்லீரலில் குடியிருக்கும் காவல் அணுக்கள் கிளர்ச்சியுற்று அழற்சியைத் தூண்டுகின்றன; வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. பாதிப்பு மணிக்கணக்கில் தொடர்கிறது. அதிர்ச்சி நிலையிலிருந்து மீண்ட ஒருவரின் பரிசோதனைத் தாளில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி அளவுகள் ஆயிரக்கணக்கில் ஏறியிருப்பதைக் கண்டு குடும்பத்தார் அஞ்சுவதற்குக் காரணம் இதுவே. அழுத்தம் சீரடைந்து மூல நோயும் கட்டுப்பட்டால், அந்த எண்கள் பெரும்பாலும் சில நாட்களிலேயே வேகமாக இறங்கத் தொடங்கும்.

விலங்குகளை நாடியது ஏன்?

ஓட்டம் நின்றால் கல்லீரல் எவ்வளவு நேரம் தாங்கும்? எந்த நிமிடத்தில் உயிரணு மீளாத நிலையை அடைகிறது? இவற்றை அறிய ஒரு மனிதரின் கல்லீரலை வேண்டுமென்றே அடைத்துப் பார்க்க அறம் இடம் தராது. ஆகவேதான் மருத்துவர்கள் விலங்குகளை நாடினர்.

கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் 1908இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விபத்தில் கல்லீரல் கிழிந்து வருபவர்கள் இரத்தம் வடிந்தே இறந்துகொண்டிருந்த காலம் அது. கல்லீரலின் வாயிலில் தமனியும் சிரையும் ஒன்றாக நுழையும் இடத்தை விரல்களால் அழுத்திப் பிடித்தால் இரத்தப் போக்கு நிற்கும் என்று அவர் கண்டார். அவருடைய நோயாளிகளைக் காப்பாற்ற இயலவில்லை. எனினும் முயல்களிடம் அதே முறையைச் செய்து பார்த்து, அது இயலக்கூடியதே என்று காட்டினார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகியும் உலகெங்கும் அறுவை அரங்குகளில் அம்முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. கோவையில் ஒரு நோயாளியின் கல்லீரல் கட்டி அகற்றப்படும்போதும் அம்முறை பயன்படக்கூடும்.

கல்லீரல் மாற்று அறுவையின் கதையும் இத்தகையதே. அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஸ்டார்சல் நாய்களிடம் பல ஆண்டுகள் பயின்ற பின்னரே 1963இல் மனிதரிடம் முயன்றார். முதல் முயற்சிகள் தோற்றன; 1967இல்தான் நீடித்த வெற்றி கிட்டியது. அவ்வழியின் தொடர்ச்சியாக 1998 நவம்பரில் டெல்லியில் நடந்த அறுவை நம் மாநிலத்தோடு தொடர்புடையது. பித்த நாளங்கள் அமையாத பிறவிக் குறையோடு பிறந்த, காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்கு அதன் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. இந்தியாவில் குழந்தைக்குச் செய்யப்பட்டு வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்று அறுவை அதுவே. அக்குழந்தை வளர்ந்து மருத்துவரானார். பெயரற்ற பல விலங்குகளுக்கும் இந்த உயிரில் பங்குண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

நாய் காட்டிய தவறான எல்லை

ஆனால் இதே வரலாற்றில் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. நாயின் கல்லீரல் வாயிலை முழுவதும் அடைத்தால், அது நெடுநேரம் தாங்குவதில்லை. போர்ட்டல் சிரை அடைபட்டதும் குடலிலிருந்து வரும் இரத்தம் அங்கேயே தேங்கிவிடுகிறது. இரத்த அழுத்தம் வீழ்ந்து விலங்கு இறக்கிறது. இதைக் கண்ட மருத்துவர்கள், மனிதக் கல்லீரலும் 15 அல்லது 20 நிமிடங்களுக்கு மேல் தாங்காது என்று நெடுங்காலம் கருதினர். அறுவையைப் பாதியில் நிறுத்தவும், பெரிய கட்டிகளைத் தொடாமலே விடவும் அந்த அச்சம் காரணமாக இருந்தது.

1978இல் பிரான்ஸ் நாட்டின் க்ளோத் யுகேயும் அவருடைய குழுவினரும் தம் நோயாளிகளிடம் கண்ட உண்மையை வெளியிட்டனர். மனிதக் கல்லீரல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை இரத்த ஓட்டமின்றித் தாங்கக்கூடும் என்பதே அது. நாயை வீழ்த்தியது கல்லீரலின் இயலாமையன்று. குடலில் தேங்கிய இரத்தமே. மனித உடல் அத்தேக்கத்தை நாயைக் காட்டிலும் நன்றாகத் தாங்கிக்கொள்கிறது. ஆய்வு பொய்யன்று, ஆய்வு சொன்னதை மனிதருக்கு அப்படியே பொருத்தியதே பிழை.

அடைப்பைத் தொடர்ந்து வைப்பது நல்லதா, இடையிடையே திறந்துவிடுவது நல்லதா என்ற அடுத்த கேள்விக்கு, 1999இல் பிரான்சில் 86 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு விடை தந்தது. இடைவெளி விட்டு அடைப்பதைக் கல்லீரல் நன்றாகத் தாங்குகிறது. முன்பே பழுதுற்ற கல்லீரலுக்கு அது இன்னும் நன்மை தருகிறது என்று தெரிந்தது. 15 நிமிடம் அடைத்து 5 நிமிடம் திறந்துவிடும் முறை இன்று பரவலாக உள்ளது. கேள்வி விலங்கிடமிருந்து எழுந்தது. விடை மனிதரிடம் கிடைத்தது.

ஆய்வுக்கூட எலியும் வார்டில் இருக்கும் நோயாளியும்

இன்று இத்துறையில் மிகுதியாகப் பயன்படுவன எலியும் சுண்டெலியும். அவற்றின் கல்லீரல் பல மடல்களாகப் பிரிந்திருப்பது ஆய்வாளருக்கு வசதி. ஏறத்தாழ 70 விழுக்காடு பகுதிக்குச் செல்லும் குழாய்களை மட்டும் சிறு கவ்வியால் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ அடைத்து, மீதப் பகுதியின் வழியே குடல் இரத்தம் செல்ல விடுகின்றனர். நாயிடம் நேர்ந்த தேக்கம் இதனால் தவிர்க்கப்படுகிறது. பின்னர் கவ்வியை அகற்றி, உயிரணுக்களுக்கு நேர்ந்த சிதைவை அளக்கின்றனர்.

இம்முறை மிகவும் ஒழுங்கானது. அதனாலேயே நோயாளியின் நிலையிலிருந்து விலகியும் நிற்கிறது. ஆய்வுக்கூட எலி இளமையானது, நோயற்றது, ஒரே இனத்தைச் சேர்ந்தது, ஒரே தீனியை உண்டு வளர்ந்தது. எங்கள் வார்டில் இருப்பவரோ 60 வயதுக்காரர். பத்தாண்டு கால நீரிழிவு உடையவர். கொழுப்பு படிந்த கல்லீரலோ, மதுவால் இறுகிய கல்லீரலோ உடையவர். கொழுப்பு படிந்த கல்லீரல் இரத்தத் தடையைத் தாங்கும் திறனில் குறைந்தது என்பது தெளிவாகத் தெரிந்த ஒன்று.

காலத்தின் வேறுபாடு இதனினும் பெரிது. பல எலி ஆய்வுகளில் இரத்த ஓட்டத்தை அடைப்பதற்கு முன்பே மருந்தைக் கொடுத்துவிடுகின்றனர். முன்கூட்டியே திட்டமிட்ட அறுவைக்கு அது பொருந்தலாம். ஆனால் இரத்த அழுத்தம் வீழ்ந்து ஆம்புலன்சில் வருபவருக்குக் கேடு நேர்ந்து பல மணி நேரம் கழிந்திருக்கும். வெள்ளம் வருமுன் போட்ட கரையையும் வெள்ளம் வடிந்தபின் போட்ட கரையையும் ஒன்றென்று கொள்ள இயலுமா?

எலிகளின் கல்லீரலை இத்தகைய கேட்டிலிருந்து காத்ததாக எழுதப்பட்ட பொருள்கள் மிகப் பல. ஆயினும் இரத்த ஓட்டம் நின்று திரும்புவதால் வரும் கல்லீரல் கேட்டைத் தடுப்பதற்கென்றே எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாகக் கொடுக்கப்படும் தனி மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. செய்தித் துணுக்கை நீட்டும் குடும்பத்தாரிடம் நாங்கள் முதலில் கூற வேண்டியது இதுவே.

பலன் தந்த பாதை

இதனால் எல்லாம் வீண் என்று எண்ணிவிட வேண்டா. பொறுமையாகப் படிப்படியாகச் சென்ற பாதைகள் பலன் தந்துள்ளன. கொடையாளரிடமிருந்து எடுத்த கல்லீரலைக் காக்கும் கரைசல் அவற்றுள் ஒன்று. 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கெர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சதர்டும் உருவாக்கிய கரைசலில் குளிர்ச்சியாக வைத்த நாயின் கல்லீரலை 48 மணி நேரம் வரை காத்துப் பொருத்த முடிந்ததாக 1988இல் அறிக்கை வந்தது. அதற்கு முன்னர் மனிதக் கல்லீரலைச் சில மணி நேரமே காக்க இயன்றது. புதிய கரைசலால் அக்காலம் நீண்டது. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்தும் உறுப்பைக் கொண்டுவர வழி பிறந்தது. ஆனாலும் நாயிடம் 48 மணி நேரம் என்று கண்டதால் மனிதரிடமும் அவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று யாரும் துணிவதில்லை. இயன்ற வரை விரைவாகப் பொருத்துவதே இன்றும் நெறி.

2008 செப்டம்பரில் விபத்தால் மூளைச்சாவு அடைந்த இளைஞர் ஒருவரின் உறுப்புகளை அவருடைய பெற்றோர் கொடையளித்தது தமிழகத்தையே உலுக்கியது. அவ்வாண்டில் தொடங்கிய அரசின் உறுப்புக்கொடைத் திட்டத்தால் பலர் உயிர் பெற்றுள்ளனர். சாலையில் போக்குவரத்தை நிறுத்தி உறுப்பை ஏந்திய வண்டிக்கு வழி விடுவதைச் செய்திகளில் காண்கிறோம். அங்கே ஒவ்வொரு நிமிடமும் இரத்த ஓட்டமற்ற நிமிடம். அதன் மதிப்பை நமக்குக் கற்பித்தவை அந்தப் பழைய ஆய்வுகளே.

அடுத்த படி, கல்லீரலைப் பனிக்கட்டியில் வைக்காமல் உடல் வெப்பநிலையில் இரத்தம் பாய்ச்சிக் காக்கும் எந்திரம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பன்றிக் கல்லீரல்களில் நெடுங்காலம் ஆய்ந்த பின்னர், 2013இல் மனிதரிடம் பயன்படுத்தினர். பின்னர் ஐரோப்பிய மருத்துவமனைகளில் 220 கல்லீரல் மாற்று அறுவைகளில் எந்திரத்தையும் பனிக்கட்டியையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2018இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. எந்திரத்தில் வைத்த கல்லீரல்களில் கேட்டைக் காட்டும் அளவு பாதியாகக் குறைந்தது; பயன்படாமல் ஒதுக்கப்பட்ட உறுப்புகளும் குறைந்தன. ஆனால் நோயாளிகள் உயிர் பிழைத்திருக்கும் அளவில் இரு குழுக்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. இரண்டு செய்திகளையும் அவ்வாய்வாளர்கள் மறைக்காமல் கூறினர். நல்ல ஆய்வுக்கு இதுவே அடையாளம்.

கீழாநெல்லி கற்பித்த பாடம்

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. காமாலை என்றவுடன் கீழாநெல்லியை நினைப்பது நம் வழக்கம். இரத்த ஓட்டத் தடைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும், விலங்கிலிருந்து மனிதரை நோக்கிய பயணம் எப்படிப்பட்டது என்பதை அது நன்றாகக் காட்டுகிறது.

ஹெப்படைட்டிஸ் பி வைரசைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கின் குழு, கீழாநெல்லிச் சாற்றை முதலில் உட்சக் எனப்படும் வட அமெரிக்கக் கொறிவிலங்கிடம் சோதித்தது. அவ்விலங்குக்கு ஹெப்படைட்டிஸ் பி போன்றதொரு வைரஸ் தொற்று உண்டு. 1987இல் வெளியான அம்முடிவு நம்பிக்கை அளித்தது. அடுத்த ஆண்டே சென்னையில் எஸ். பி. தியாகராஜன் தலைமையில் மனிதரிடம் நடந்த ஆய்வு 'லான்செட்' இதழில் வந்தது. கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேரிடமிருந்து வைரசின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்தற்ற வெறும் பொடியைப் பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. உலகமே வியந்தது.

அதன்பின் தாய்லாந்து, நியூசிலாந்து முதலிய நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை. இன்று ஹெப்படைட்டிஸ் பி நோய்க்கு உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் மருந்துகளில் கீழாநெல்லி இடம் பெறவில்லை. சென்னை ஆய்வாளர்கள் செய்தது தவறன்று. மரபு மருத்துவத்தின் கூற்றை உலகின் முன் நேர்மையாகச் சோதனைக்கு வைத்தார்கள். முதல் நல்ல முடிவைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டால் உண்மை எட்டாது என்பதே இதில் உள்ள பாடம். விலங்கிடம் பலன், பின் சிலரிடம் பலன் என்ற இரண்டு படிகளையும் தாண்டிய ஒன்றே மூன்றாம் படியில் நின்றுபோகிறது என்றால், முதல் படியில் மட்டும் நிற்கும் பொருளைப் பற்றி என்ன சொல்ல?

'எலிகளிடம் நிரூபிக்கப்பட்டது' என்று எழுதிய உறையோடு விற்கப்படும் பொடிகளும் நீர்மங்களும் எங்கள் நோயாளிகளின் வீட்டு அலமாரிகளில் உள்ளன. "கொடுத்துப் பார்ப்போமே, இழக்க என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கின்றனர். இழக்க நிறைய உண்டு. நகையை அடகு வைத்த பணம் போகிறது. மருத்துவரைக் காண வேண்டிய வாரங்கள் போகின்றன. நலிந்த கல்லீரல், உட்பொருள் தெரியாத பொடியையும் சேர்த்து அரைக்கும் சுமையை ஏற்கிறது. நலமான கல்லீரல் தாங்கும் பொருளை நோயுற்ற கல்லீரல் தாங்காமல் போகலாம்.

உயிர்களுக்கு நாம் பட்ட கடன்

விலங்காய்வே கூடாது என்போரும் உளர். எல்லா உயிரையும் தம் உயிர்போல் எண்ணும் மரபு நம்முடையது. அவர்களின் குரலை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் ஓட்டம் நின்ற ஒரு முழு உறுப்பில், குடலும் இதயமும் குருதியணுக்களும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த உயிரணுக்கள் முழுமையாகக் காட்டுவதில்லை. அதனால் இன்றைய நிலையில் விலங்காய்வை முற்றிலும் கைவிட இயலாது என்று கருதுகிறோம். கைவிட இயலாத ஒன்றைக் கண்ணியத்தோடு செய்யும் கடமை அங்கே பிறக்கிறது.

சட்டமும் அதையே கேட்கிறது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960, ஆய்வின்போது விலங்குக்கு மயக்க மருந்து கொடுத்து வலியைத் தவிர்க்கச் சொல்கிறது. சிறு விலங்குகளால் இயலும் ஆய்வுக்குப் பெரிய விலங்கைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கச் சொல்கிறது. வெறும் கைப்பழக்கத்துக்காக ஆய்வு செய்வதை விலக்குகிறது. 1998இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு ஆய்வு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு ஒன்று ஒப்புதல் தர வேண்டும். அதில் கால்நடை மருத்துவரும், அறிவியலாளர் அல்லாத பொதுமக்கள் சார்பினரும் இடம்பெறுவர். 2023இல் மருந்து ஆய்வு விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், தக்க இடங்களில் விலங்குகளுக்கு மாற்றான முறைகளையும் ஏற்கிறது. இயன்ற இடத்தில் மாற்று வழி, குறைந்த எண்ணிக்கை, குறைந்த துன்பம் என்னும் மூன்று நெறிகளை இங்கிலாந்தின் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இலேயே வகுத்தனர்.

எங்கள் பார்வையில், இவற்றோடு இன்னொரு கடனும் சேர வேண்டும். மிகச் சில எலிகளிடம் கவனமின்றி நடத்தப்பட்டு, தோல்வியானால் வெளியிடப்படாமல் மறைக்கப்படும் ஆய்வில் விலங்கும் வீணாகிறது. அதை நம்பும் நோயாளியும் வீணாகிறார். எலிக்குச் செய்யும் நீதியும் நோயாளிக்குச் செய்யும் நீதியும் இங்கே ஒன்றாகின்றன. ஆய்வு முழுமையாக இருக்க வேண்டும். அதன் முடிவு எதுவாயினும் வெளிவர வேண்டும்.

கொடையாகப் பெற்றும் பொருத்தத் தகுதியற்றது என்று ஒதுக்கப்படும் மனிதக் கல்லீரல்களை எந்திரத்தில் இணைத்து மருந்துகளைச் சோதிக்கும் வழி இன்று வளர்ந்து வருகிறது. விலங்குக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள பள்ளத்துக்கு இது நல்ல பாலமாகும். உறுப்புக்கொடைக்கு இசையும் குடும்பம், பொருத்த இயலாத உறுப்பை ஆய்வுக்குத் தரவும் இசைந்தால், அதுவும் பெரிய கொடையே என்பது எங்கள் கருத்து.

நீங்கள் கேட்க வேண்டியவை

அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஆய்வு எந்த உயிரிடம் நடந்தது? மருந்து கேடு நேர்வதற்கு முன் கொடுக்கப்பட்டதா, பின்னரா? அந்த உயிருக்கு முன்பே நீரிழிவோ கொழுப்புக் கல்லீரலோ இருந்ததா? அளக்கப்பட்டது இரத்தத்தில் ஓர் எண்ணா, அல்லது உயிர் பிழைத்தலா? மனிதரிடம் ஆய்வு நடந்ததா. வேறோர் இடத்திலும் அதே முடிவு வந்ததா? இவற்றுக்குச் செய்தியில் விடை இல்லையெனில் அதை எங்களிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம். கேட்பதற்குத் தயங்க வேண்டா.

உங்களை ஆய்வொன்றில் சேர எவரேனும் அழைத்தால், அதை அச்சத்தோடு மறுக்கவும் வேண்டா. அவசரமாக ஒப்பவும் வேண்டா. அந்த ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியப்பட்டதா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றதா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டுப் பெற்று, வீட்டாரோடு அமர்ந்து படியுங்கள். ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெறும் உரிமையை 2019ஆம் ஆண்டின் விதிகள் தருகின்றன. எந்நேரமும் விலகிக்கொள்ளலாம், அதனால் உங்கள் வழக்கமான மருத்துவம் குறையக் கூடாது. எலி தந்த கேள்விக்கு விடை தருபவர்கள் இவ்வாறு மனமுவந்து முன்வரும் நோயாளிகளே. அவர்களை நாங்கள் நன்றியோடு எண்ணுகிறோம்.

இறுதியாக, இன்றைக்கே பயன்படும் ஒன்றைச் சொல்கிறோம். இரத்த ஓட்டம் இழந்த கல்லீரலுக்கு நாம் உறுதியாக அறிந்த மருத்துவம், ஓட்டத்தை விரைவாக மீட்பதே. இரத்த வாந்தி, கரிய நிற மலம், காய்ச்சலோடு கை கால் சில்லிட்டுப் போதல், சிறுநீர் குறைதல், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். நோயாளி உண்ணும் மருந்துகள், பொடிகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் எடுத்து வாருங்கள். அவற்றைப் பற்றிக் கூறுவதற்காக எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். அந்தச் சில மணி நேரம் கல்லீரலுக்குச் செய்யும் நன்மையை இன்றுள்ள எந்தப் பொடியும் செய்வதில்லை.